மோட்டார் கலர் நடைவண்டி

எங்கூட்டுக்காரரு அழகிரிசாமிய உங்களுக்குத் தெரியாதுன்னா, நீங்க பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் வந்ததில்லைன்னு அர்த்தமுங்க. தெரியாட்டியும் ஒண்ணுமில்ல, கண்டுபுடிக்கறது சுலபம். எங்க லைன் ஊட்டுச் சந்துல நொழைஞ்சு பாருங்க. எந்த ஊட்டுல வாசக் கேட்டு, சன்னலு, கோழிக்கூடு, கிரைண்டரு, தண்ணி ட்ரம்மு மூடி எல்லாம் ஒரே மஞ்சக் கலர்ல மின்னுதோ, அதுதான் நம்ம ஊடு. போன ஆயுத பூசைக்கு மஞ்ச. அதுக்கு முந்துன வருசம் பச்சை. அதுக்கும் முந்தி ஆரஞ்சு. கம்பெனிக்காரன் மோட்டாருக்கு என்ன கலர் அடிக்கறானோ அந்தக் கலர்லதான் எங்க பொழப்பும் ஓடும். அந்த ஊட்டுல பெயிண்ட் படாம பாக்கி இருக்கறது நான் ஒருத்திதான். சித்த நேரம் அசையாம உக்காந்திருந்தா என் மேலயும் ரெண்டு கோட்டு அடிச்சு வெயில்ல காய வெச்சிருப்பாரு.

அவருக்கு வேலை, தண்ணி எறைக்கற மோட்டார் பண்ணற ஒரு சின்னக் கம்பெனியில பெயிண்டரு. மோட்டார் ஒடம்ப உப்புத்தாள் போட்டுத் தேச்சுப்போட்டு, ஸ்ப்ரே கன்னைப் புடிச்சு பெயிண்ட் அடிக்கோணும். மூக்குக்கு ஒரு கர்ச்சீப்பு. அதுவும் மொதலாளி வந்தாத்தான் மூக்குக்கு வரும், மத்த நேரம் கழுத்துல மாலை மாதிரி கெடக்கும். மத்தியானம் கைய, பெயிண்டைக் கரைக்கற தின்னர்ல கழுவுவாரு. அந்தக் கையிலயே நான் கட்டிக்குடுத்த தக்காளிச் சோத்த எடுத்து வாயில போடுவாரு. "தின்னர்ல கழுவுனா கெருமி பூராவும் செத்துப்போகும் மாசாணி"ன்னு எங்கிட்ட பெருமை வேற. கெருமி செத்துச்சோ இல்லையோ, என்ர தக்காளிச் சோத்தோட ருசி செத்துப்போச்சு.

மாசாணிங்கறது நாந்தானுங்க. மாசாணியம்மாள். ஆனைமலை அம்மன் பேரு. மொளகாய் அரைச்சுப் பூசுனா நியாயம் கேக்கற சாமி. அந்தப் பேரை வெச்சுட்டு நான் இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்ததுதான் அதிசயம்.

எங்க பக்கம் தீபாவளியெல்லாம் ரெண்டாம்பட்சமுங்க. ஆயுத பூசைதான் நோம்பி. லேத்து மெசின்ல இருந்து முதலாளி ஊட்டு ஸ்கூட்டர் வரைக்கும் தேச்சுக் கழுவி, பெயிண்ட் அடிச்சு, சந்தனம் வெச்சு, பொரி படைச்சு, பூசணிக்காய் ஒடைச்சாத்தான் ஊருக்கு உசுரு வரும். பூசை முடிஞ்சு மிச்சமாகற பெயிண்டு பெயிண்டருக்குங்கறது கம்பெனி வழக்கம். மத்தவங்க ஊட்டுக்காரங்க பொரிப் பொட்டலத்தோட வருவாங்க. எங்கூட்டுக்காரரு டின்னோட வருவாரு. "ஊட்டுக்குன்னு விக்கற பெயிண்டெல்லாம் ஒரு பெயிண்டா? ஒரு மழைக்குத் தாங்காது. இது கெணத்துக்குள்ள கெடந்தாலும் பேராது"ம்பாரு. அந்த நம்பிக்கையில ஊட்டுச் சாமான் மட்டுமில்ல, சந்துல இருக்கற கொழந்தைங்களோட ஊஞ்சல், தொட்டில் கம்பி, மூணு சக்கர சைக்கிள் எல்லாத்துக்கும் ஓசியில அடிச்சுக் குடுப்பாரு. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு பழமொழி இருக்குதுல்லீங்க, அதை நம்பி வளத்துன மனுசன். தன் பிள்ளைதான் கடைசி வரைக்கும் வரலை.

அவரோட அப்பன் ஆத்தா காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துல பண்ணயத்துக்கு இருந்தவங்க. அந்தத் தோட்டத்துக்காரர் பேரனுக்கு ஒரு நடைவண்டி வந்துச்சாம். நடைவண்டின்னா மூணு சக்கரம், நிமுந்து நின்னு புடிச்சுக்க ஒரு மரக் கைப்புடி. நடை பழகற கொழந்தை அதைத் தள்ளீட்டே நாலு எட்டு வெக்கும். அதை இவரு சின்னதுல ஒருக்கா தொட்டுப்போட்டாரு. அடிக்கலை, வையலை. "கண்ணு, அக்கட்டால போய் வெளையாடு சாமி"ன்னு தோட்டத்துக்காரம்மா நல்ல வார்த்தையாத்தான் சொல்லிச்சாம். சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துத் தண்ணி ஊத்திக் கழுவுனாங்களாம். எங்க ஊரு மரியாதைக்குப் பேர்போன ஊருங்க. மூஞ்சில அடிக்க மாட்டாங்க. 'கண்ணு' போட்டு அடிப்பாங்க, 'ங்க' போட்டு அடிப்பாங்க. வீங்கவும் வீங்காது, ஆறவும் ஆறாது.

அதனால கல்யாணம் ஆன மொத வருசமே, கம்பெனியில வீணாப்போன மரத்துண்டைக் கேட்டு வாங்கிட்டு வந்து, இவரே ஒரு நடைவண்டி பண்ணிப்போட்டாரு. எம் பிள்ளை வந்தா யாரும் அக்கட்டால போன்னு சொல்லக் கூடாதாம். வண்டி வந்துருச்சு. பிள்ளை வரலை. வண்டி அட்டாலி மேல ஏறி மொளகாய் மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்துச்சு. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதைக் கீழ எறக்கி, தொடைச்சு, அந்த வருசத்துக் கலர் அடிச்சு, சந்தனப் பொட்டு வெச்சுப்போட்டு மறுபடியும் மேல ஏத்துவாரு. ரோட்டுல ஓடாத வண்டிக்கு வருசா வருசம் எப்.சி. காட்டுன ஒரே ஆளு எங்கூட்டுக்காரருதானுங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் பொரிய மென்னுட்டு ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காம உக்காந்திருப்போம்.

பிள்ளை வராததுக்கு யாரு காரணம்? அது ஊருக்கே தெரியுமுங்க. நான். ஒரு டாக்டரம்மா எனக்கு எல்லா டெஸ்டும் பாத்துப்போட்டு, "உங்ககிட்ட கொறை ஒண்ணும் தெரியலைம்மா, அடுத்த தடவை வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க"ன்னாங்க. எங்க மாமியா காதுல அது விழுந்துச்சு. "ஆம்பளைக்கு என்னத்துக்கு டெஸ்டு? அந்த டாக்டரு சரியில்ல"ன்னு டாக்டரை மாத்திப்போட்டாங்க. இவரு என்ன சொன்னாரு? "ஆத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாரு. நல்லவருங்க. அதுக்கப்புறம் டாக்டரே வேண்டாம்னு கோயில் கோயிலாப் போனோம். நான் ஈரத்துணியோட உருளுவேன், இவரு என்ர செருப்பைப் புடிச்சுட்டு நிப்பாரு. மாமியா போய்ச் சேந்தாங்க. அவங்க குடுத்த மலடிப் பட்டம் மட்டும் என்கிட்டயே தங்கிருச்சு.

இவருக்கு ஒரே தங்கச்சி, அன்புச்செல்வி. ஓவர்டைம் பாத்துப் படிக்க வெச்ச தங்கச்சி. சாப்ட்வேர்ல இருக்கற பிரவின்குமாரைக் கட்டிக்கிட்டு சரவணம்பட்டியில அப்பார்ட்மெண்ட்ல இருக்குது. தங்கமான பொண்ணுதான், நான் இல்லீங்கல. ஆனா மாமியார் ஊட்டுலயும் அப்பார்ட்மெண்ட்லயும் எங்கண்ணன் மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசருன்னு சொல்லி வெச்சிருச்சு. பெயிண்டருன்னு சொன்னா லிப்டு பாதியில நின்னுபோகும்னு பயமோ என்னமோ. இவரும் அங்க போறப்பெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டு, மண்ணெண்ணெய்ல கைய ஊற வெச்சுப்போட்டுத்தான் போவாரு. நகக்கண்ணுல இருக்கற மஞ்ச மட்டும் போகாது. கெணத்துல கெடந்தாலும் பேராத பெயிண்டு, மண்ணெண்ணெய்க்கா பேரும்?

அன்பு மாசமா ஆன நாள்ல இருந்து போனுல வீடியோ பாத்துப் பாத்து, கெமிக்கல் மேல போர் தொடுத்துருச்சு. பிளாஸ்டிக் டப்பா போச்சு. ஒட்டாத தோசைக்கல்லு போச்சு. கொசுவத்தி, ரூமுக்கு அடிக்கற வாசனை ஸ்ப்ரே, நகப் பாலிசு, மணக்கற பினாயில் எல்லாம் போச்சு. அது சொன்னதுல பொய் ஒண்ணுமில்லீங்க. கடையில விக்கற பொம்மையில பாதிக்குப் பொறந்த ஊரே தெரியாது, எதை உருக்கிப் பண்ணுனதோ யாரு கண்டா. ஆனா அந்தப் பொண்ணு கெமிக்கலைத் தேடுனதெல்லாம் கடைச் சாமான்லதான். சொந்தக்காரங்க சாமான்ல கெமிக்கல் இருக்காதுங்கறது அது நம்பிக்கை. அதுலயும் எல்லாச் சொந்தமும் ஒண்ணில்லைங்கறதை நான் பொறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பொண்ணு பொறந்துச்சு. மதிவதனின்னு பேரு. நான் காந்திபுரத்துல பொம்மைக் கடை கடையா ஏறி எறங்கி, அமுக்குனா கீச்சுனு கத்தற ரப்பர் வாத்து ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். மதி அதைப் பாத்ததும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது. அன்பு ரெண்டு வெரல்ல அதோட வாலைப் புடிச்சுத் தூக்குச்சு. எங்க பக்கம் அண்ணிய நங்கையான்னுதான் கூப்புடுவாங்க.

"ஏனுங்க நங்கையா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இப்புடி மெத்துனு இருக்கற பிளாஸ்டிக்குல தாலேட்டுன்னு ஒரு கெமிக்கல் கலக்கறாங்க. கொழந்தை வாயில வெச்சா ஆகாதுங்க."

"ஆகாட்டி எடுத்துப் போட்ரு அம்மணி"ன்னேன். வேற என்னங்க சொல்றது? வாத்து குப்பைக் கூடைக்குள்ள போறப்பக் கூட ஒருக்கா கீச்சுன்னுச்சு.

மதிக்கு மொதப் பொறந்தநாள் வந்துச்சு. தாய்மாமன் சீரு கொண்டுபோகோணும். எங்கூட்டுக்காரரு அட்டாலிய அண்ணாந்து பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. நான் ஏணியப் புடிச்சுக்கிட்டேன். வண்டி கீழ எறங்குச்சு. புதுசா ஒரு கோட்டு பச்சை அடிச்சு, பழத்தட்டு, பட்டுப்பாவாடை, மோதரத்தோட அதையும் சீர்வரிசையில வெச்சுத் தூக்கிட்டுப் போனோம். இந்த வண்டிக்குப் போக ஒரு ஊடு கெடைச்சுதேன்னு அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு, மெய்யாலுமே.

அன்புக்கு வாயெல்லாம் பல்லு. "பாருங்க, இதுதாங்க நேச்சுரல்! சுத்தமான மரம். எங்கண்ணன் கைப்பட பண்ணுனது. ஒரு துளி கெமிக்கல் இல்ல"ன்னு போட்டோ புடிச்சு அப்பார்ட்மெண்ட் குரூப்புல போட்டுச்சு. எத்தனை பேரு கைதட்டுனாங்களோ. மதிய வண்டியப் புடிச்சு நிக்க வெச்சு ஆரத்தி எடுத்தாங்க. நான் கொழந்தையத் தூக்கலாம்னு கைய நீட்டுனேன். பிரவினோட அம்மா என்ர கையப் பாத்தாங்க. "அம்மணி, சாம்பாருல உப்பு எப்புடி இருக்குதுன்னு சித்த பாத்துப்போட்டு வாரீங்களா? நீங்க பாத்தாத்தான் சரியா இருக்குமுங்க"ன்னாங்க. எவ்வளவு மரியாதை பாருங்க. பிள்ளை பெறாதவ கை பொறந்தநாளும் அதுவுமா கொழந்தை மேல படக் கூடாதுங்கறதை இதை விட நாசூக்கா எவளும் சொல்ல முடியாது. என்ர கையில கெமிக்கல் இருந்திருந்தாக் கூட சோப்புப் போட்டுக் கழுவியிருப்பேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

மதிக்கு அந்த வண்டின்னா உசுரு. பல்லு மொளைக்கற வயசு. வண்டியப் புடிச்சு நின்னுட்டு, கைப்புடிய எலி கொறிக்கற மாதிரி கொறிச்சுட்டே இருக்கும். "அவங்க மாமன் மேல எம்புட்டுப் பாசம் பாருங்க"ன்னு எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். மறு ஆயுத பூசைக்கு இவரு மஞ்ச டின்னைத் தூக்கிட்டு சரவணம்பட்டிக்கே போயி, கொறிச்ச எடத்துக்கெல்லாம் டச்சப் பண்ணிக் குடுத்துட்டு வந்தாரு. தீந்துபோன தட்டுல மறுபடியும் சோறு போடற மாதிரி.

அப்புறம் கொழந்தைக்குச் சோறு எறங்கலை. வயித்தைப் புடிச்சுட்டு அழும். மொகம் வெளுத்துப்போச்சு. காரணமில்லாம அடம், நடுக்கம். எல்லாத்தையும் விட, பேசீட்டு இருந்த பேச்சு ஒண்ணொண்ணா நின்னுச்சு. தத்தா, பாப்பா, மாமான்னு கூப்புட்டுட்டு இருந்த பிள்ளை, கூப்புட்டாத் திரும்பிக்கூட பாக்கலை.

ஆசுபத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ரத்தத்துல ஈயம். கொழந்தை ஒடம்புல இருக்கவே கூடாத அளவுக்கு ஈயம். அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்தாட்டி மருந்து குடுத்தும் பிரயோசனமில்ல, மூளை வளர்ச்சி கெட்டுப்போகும்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு.

அன்பு ஊட்டையே கவுத்துப் போட்டுருச்சு. ஏற்கெனவே பாதிச் சாமான் குப்பைக்குப் போயாச்சு, இனி என்ன இருக்குது போட? கலர் பென்சில், பித்தளைக் குண்டா, மஞ்சத்தூளு, கண்மை, எல்லாம் வெளிய. குழாத் தண்ணியக் கொண்டுபோயி டெஸ்டுக்குக் குடுத்தாங்க. கொழந்தை அழுதா, சமாதானத்துக்கு அந்த வண்டிய எடுத்து முன்னால வெச்சாங்க. ஊட்டுல நேச்சுரலா மிஞ்சுனது அது ஒண்ணுதானே.

ஒரு நாளு பிரவின் தம்பி எங்க ஊட்டுக்கு வந்து, தலையக் குனிஞ்சுட்டே ஒரு கவரைக் குடுத்துச்சு. உள்ள, மதி பொறந்த புதுசுல நான் அது கையில கட்டிவிட்ட கருகமணி. "தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. அன்புதான்... எதுக்கும் சந்தேகம் வேண்டாம்னு..."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உச்சந்தலையில ஏறிருச்சு. "ஏந்தம்பி, நான் குடுத்தது மட்டும் பொறுக்கிப் பொறுக்கி விசமாப் போகுதே, அது எப்புடி? வாத்துல விசம், மணியில விசம், கையில விசம். எம் பார்வையிலயும் இருக்குதான்னு கேட்டுட்டு வா, கண்ணைக் கட்டிட்டு வாரேன்"னேன். எங்கூட்டுக்காரரு, "மாசாணி, மாப்பிள்ளைகிட்ட என்ன பேச்சு"ன்னு என்னைய அடக்குனாரு. நல்லவருங்க, நான்தான் சொன்னேனே.

அடுத்த தடவை டாக்டரு எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. போனோம். மதி அன்பு மடியில தொவண்டு கெடந்துச்சு. டாக்டரு கேட்டாரு: "வீட்டுலயோ நெருங்கின சொந்தத்துலயோ யாராவது பேட்டரி வேலை, பெயிண்ட் வேலை பார்க்கறாங்களா?"

"இல்லீங்க டாக்டர்"னுச்சு அன்பு, யோசிக்காம. "இவரு சாப்ட்வேர். எங்கண்ணன் மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசர்."

நான் இவரைப் பாத்தேன். இவரு கையிரண்டையும் மடிச்சுக் கக்கத்துக்குள்ள சொருகிட்டாரு. பக்கத்துல பிரவினோட அம்மா. தங்கச்சியோட மரியாதை போயிருமேன்னு மனுசன் மென்னு முழுங்கறாரு. அங்க ஒரு பிள்ளை கண்ணு சொருகிக் கெடக்குது, இங்க இவிய மரியாதைய மடியில கட்டிட்டு உக்காந்திருக்காங்க.

"சூப்பர்வைசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லீங்க டாக்டர்!"னு நான் எந்திரிச்சுட்டேன். "பெயிண்டரு. கண்ணாலத்துக்கு முந்தி இருந்தே பெயிண்டரு. ஏனுங்க, அந்தக் கைய எடுத்து மேசை மேல வெய்ங்க, டாக்டரு பாக்கட்டும். இந்தப் பிள்ளை ராப்பகலாக் கடிக்குதே ஒரு வண்டி, அதுக்கு அடிச்சதும் அதே மோட்டார் பெயிண்டுதானுங்க."

எங்கூட்டுக்காரரு மெதுவாக் கைய எடுத்து மேசை மேல வெச்சாரு. நகக்கண்ணு பூராவும் மஞ்ச. டாக்டரு, "வண்டிய எடுத்துட்டு வாங்க"ன்னாரு.

பிரவின் போயி எடுத்துட்டு வந்துச்சு. அப்பத்தான் அந்தக் கைப்புடிய நான் கிட்ட வெச்சுப் பாத்தேன். சின்னச் சின்னப் பல்லுத் தடம். மஞ்சைக்குக் கீழ பச்சை, பச்சைக்குக் கீழ ஆரஞ்சு, அப்புறம் நீலம், செவப்பு. எங்க கல்யாண வாழ்க்கை மொத்தமும் அடுக்கு அடுக்காத் தெரியுது. எம் பிள்ளைக்குன்னு வருசா வருசம் அடிச்சதை, அந்தப் பிஞ்சு ஒவ்வொரு வருசமாக் கொறிச்சுத் தின்னு, மரம் வரைக்கும் போயிருக்குது.

டெஸ்டுக்கு அனுப்புனாங்க. அத்தனையும் ஈயம். ஊட்டுக்கு அடிக்கற பெயிண்டுல ஈயத்துக்குக் கட்டுப்பாடு இருக்குது, மெசினுக்கு அடிக்கறது வேற கணக்குன்னு டாக்டரு வெளக்குனாரு. சரிதானுங்க, மோட்டாரு எங்க பல்லு மொளைச்சுக் கடிக்கப்போகுது? பிரவின் எங்க ஊட்டுக்கு வந்து டின்னைத் திருப்பிப் பாத்துச்சு. அடியில பொடி எழுத்துல, தொழிற்சாலை உபயோகத்துக்கு மட்டும்னு இங்கிலீசுல போட்டிருக்குதாம். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே மாப்பிள்ளை"ன்னு இவரு அழுதாரு. அந்தத் தம்பி பாவம், "டச்சப் பண்ண வந்தப்ப டின்னை நான்தானுங்க மச்சான் லிப்டுல தூக்கிட்டு வந்தேன்"னு அதுவும் அழுதுச்சு.

அதுக்கப்புறம் இவருக்குத் தூக்கமில்ல. சந்துல பெயிண்ட் அடிச்சுக் குடுத்த சாமானெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. ஊடு ஊடாப் போயி, "அதைத் திருப்பிக் குடுத்துருங்க, கொழந்தைக்கு ஆகாதுங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. எல்லாரும், "சரீங்க, தாரமுங்க, நீங்க காப்பி குடிங்க"ன்னாங்க. காப்பி வந்துச்சு. சாமான் வரலை. "குடுத்ததைத் திருப்பிக் கேட்டா கொழந்தைக்குத்தாங்க ஆகாது"ன்னு ஒரு அம்மா இவருக்கே புத்தி சொல்லியனுப்பிச்சு. நான் பாத்தேன். சந்து நடுவுல போயி நின்னு, பொறந்ததுல இருந்து சேத்துவெச்ச 'ங்க' எல்லாத்தையும் எறக்கி வெச்சுப்போட்டு ஒரே சத்தம். "மதி ஆசுபத்திரியில கெடக்கறா. உங்க பிள்ளையும் கெடக்கோணுமா? எடுத்துட்டு வாங்கடி வெளிய!" பொழுது சாயறதுக்குள்ள ஊஞ்சலும் சைக்கிளும் எங்க வாசல்ல குமிஞ்சிருச்சு. எரிக்கவும் கூடாது, சொரண்டவும் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்ததால, சாக்குல கட்டி கம்பெனிக் கழிவு ஏத்தற வண்டியில அனுப்புனோம்.

அதோட டாக்டரு விடலை. இவரையும் ரத்தம் குடுக்கச் சொன்னாரு. கொழந்தைக்கு இருந்ததை விட இவருக்குப் பல மடங்கு. "வயித்து வலி, கை நடுக்கம் உண்டா?"ன்னாரு. உண்டு. வாய்வுன்னு பூண்டு தின்னுட்டு இருந்தாரு. "குழந்தைங்க எத்தனை?"ன்னாரு.

"இல்லீங்க."

டாக்டரு பேனாவை மூடி வெச்சாரு. அப்புறம் மெதுவா, "ஈயம் ஆம்பளைங்களுக்கு அந்த விசயத்துலயும் கெடுதல் பண்ணும். ஆனா உங்களுக்கு இதனாலதான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க"ன்னாரு.

உறுதியாச் சொல்ல முடியாதாம். படிச்ச மனுசன், கையில டெஸ்டு இருக்குது, அப்பவும் உறுதியாச் சொல்ல முடியலை. எம் மேல பழியப் போட்டப்ப மட்டும் ஊரு எத்தனை உறுதியாச் சொல்லுச்சு! ஒரு சொட்டு ரத்தம் எடுக்காம சொல்லுச்சு.

காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறி ஊட்டுக்கு வர்ற வரைக்கும் இவரு ரெண்டு கையையும் மடியில மல்லாத்தி வெச்சுப் பாத்துட்டே வந்தாரு. நான் சொல்ல ஆரம்பிச்சா எங்க ஊரைத் தாண்டி மேட்டுப்பாளையம் போனாலும் முடியாது.

கம்பெனியில கேட்டுப் பேக்கிங் செக்சனுக்கு மாறிட்டாரு. வண்டி போன பொறகு, மருந்தும் சேந்து, மதி கொஞ்சங் கொஞ்சமாத் தேறுச்சு. இன்னும் வருசக்கணக்கா டாக்டரு பாக்கோணும்னு சொல்லியிருக்காரு. பேச்சு திரும்ப வந்தப்ப மொதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமுங்களா? "வண்டி." கொழுப்பைப் பாருங்க.

தள்ளிப்போட்டுட்டே வந்த காதுகுத்தை அதுக்கப்புறம் கோயில்ல வெச்சாங்க. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தோணும். ஒறம்பரை சொந்தமெல்லாம் சுத்தி நிக்குது, நகை ஆசாரி ஊசியத் தொடைச்சுட்டு உக்காந்திருக்காரு. நான் வழக்கம் போல சமையக்கட்டுப் பக்கமா ஒதுங்குனேன். சாம்பாருக்கு உப்புப் பாக்க ஆளு வேணுமில்லீங்க.

"என் மடி வேண்டாமுங்க"ன்னாரு எங்கூட்டுக்காரரு. "மாசாணி மடியில உக்கார வெய்ங்க."

"அதெப்புடிங்க தம்பி"ன்னாங்க பிரவினோட அம்மா. "தாய்மாமன் இருக்கறப்ப... அதுவும்..."

"அதுவும் என்ன?"ன்னாரு இவரு. அந்த வாயில 'ங்க' இல்லாம ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்ல. "கொறை எங்கிட்டயா அவகிட்டயான்னு டாக்டருக்கே தெரியலை. உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது? டெஸ்டுக்கு வரச் சொன்னப்ப ஓடி ஒளிஞ்சவன் நான். இத்தனை வருசம் சொமந்தவ அவ. பிள்ளை அவ மடியிலதான் உக்காரும்."

எனக்குச் சந்தோசம்னு நெனைச்சுக்காதீங்க. கோவம். இந்த ஒரு வார்த்தைய அந்தக் காலத்துலயே ஆத்தாகிட்டச் சொல்லியிருந்தா இவரு வாய் வெந்தா போயிருக்கும்? அத்தனை கோயில்ல உருண்டனே, அங்க எங்கயாச்சும் ஒரு படியில நின்னு சொல்லக் கூடாதா? அழுகை வந்துச்சு, தொடைக்காம அப்புடியே விட்டேன். எல்லாரும் பாக்கட்டும்.

அன்புதான் வந்துச்சு. கொழந்தையத் தூக்கிட்டு வந்து, "நங்கையா, உக்காருங்க"ன்னு சொல்லி என் மடியில வெச்சுச்சு. தோளைப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னுச்சு.

ஆசாரி குத்துனாரு. ஊரே கேக்கற மாதிரி வீல்னு கத்துனா மதி. கத்திப்போட்டு, என்ர கைய இழுத்து, மணிக்கட்டுல பல்லுப் பதிய ஒரு கடி. ஐயோ கொழந்தைய எடுங்கன்னு நாலு பேரு ஓடியாந்தாங்க. நான் விடலை.

"கடிச்சுக்க கண்ணு, நல்லாக் கடிச்சுக்க"ன்னேன். "உங்க மாமன் பெயிண்ட் அடிக்காம விட்டது இது ஒண்ணுதான்."